பழைய படம், காணாமல் போன கல்லறை: எந்த வழியில் தேடுவது?

மெல்போர்னில் என் மகள் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மாள் இருக்கிறார். போன முறை நான் அங்கே போயிருந்தபோது, "உன் அப்பா சர்வேயர்தானே, இதைக் கொஞ்சம் பார்க்கச் சொல்" என்று மகளிடம் ஓர் அட்டையைக் கொடுத்து அனுப்பினார். முப்பது வருடத்துக்கு மேல் நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும், கல்லைக் காணோம் என்று யாராவது வந்து நின்றால் கை சும்மா இருக்காது.

அட்டையில் ஒட்டியிருந்தது உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம். மழை பெய்து ஓய்ந்த வயல் மாதிரி ஒரே சேறு. நடுவில் ஒரு மரச்சிலுவை, அதில் எழுத்துகளைக் குத்தி அடித்த ஒரு தகரப் பட்டை. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு இன்னொரு சிலுவை. பின்னால் வெறும் வானம். படத்துக்குக் கீழே அச்சடித்த வரிகள்: பெயர், படைப்பிரிவு, கல்லறை இருக்கும் இடம், கடைசியாக "அருகிலுள்ள ரயில் நிலையம்: ஆல்பர்ட்". சண்டை முடிந்ததும் வீட்டார் ரயிலேறி வருவார்கள் என்று அன்றைக்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

இறந்தவர் அம்மாளின் பெரியப்பா. முதல் உலகப் போரில், 1916-17 குளிர்காலத்தில், பிரான்சின் சோம் பகுதியில், ஃபிளேர்ஸ் என்ற கிராமத்துப் பக்கம். இந்த மாதிரி அட்டைகள் அபூர்வம் அல்ல. கல்லறைகளைப் பதிவு செய்த பிரிட்டிஷ் பிரிவு 1915 மார்ச்சிலிருந்தே செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியக் குடும்பங்களுக்கு மெல்போர்னில் இருந்த படை ஆவண அலுவலகம் வழியாகப் படங்கள் வந்தன.

அம்மாளின் பேரன் குடும்பத்தோடு ஐரோப்பா போகிறான். சோம் பகுதிக்கு இரண்டே நாள். அந்த இரண்டு நாளை எப்படிச் செலவழிப்பது, அதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து எதைச் செய்வது, எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதுதான் என்னிடம் வந்த கேள்வி. இதே மாதிரி ஒரு படத்தை வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் நான் எடைபோட்ட வழிகளை இங்கே எழுதுகிறேன்.

எந்த வழிக்கும் முன்னால் ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தேட வேண்டும். கல்லறைத் தோட்டத்தின் பெயரும், பிளாட், வரிசை, எண் மூன்றும் வந்துவிட்டால் கதை முடிந்தது, படத்தை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். பலர் இதைச் செய்யாமலே படத்தைப் பூதக்கண்ணாடியால் குடைந்துகொண்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு வந்த பதில் வேறு. பெரியப்பாவின் பெயர் வில்லர்ஸ் பிரெட்டனோ நினைவுச் சுவரில் இருக்கிறது. பிரான்சில் இறந்து, கல்லறை தெரியாமல் போன ஆஸ்திரேலியர்கள் சுமார் 10,700 பேரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அப்படியானால் 1917இல் படம் எடுக்கும் அளவுக்குத் தெரிந்திருந்த கல்லறை, பிற்பாடு தெரியாமல் போயிருக்கிறது.

"அது எப்படிப்பா, போட்டோ இருக்கு, பேர் எழுதியிருக்கு, கல்லறை மட்டும் இல்லைன்னா?" என்றாள் மகள். நம் ஊரில் வாய்க்கால் வெட்டியதும் ரோடு போட்டதும் சர்வே கல் காணாமல் போகவில்லையா, அதே கதைதான். 1916இல் நேச நாடுகள் ரத்தம் கொட்டிப் பிடித்த அந்த நிலத்தை 1918 மார்ச்சில் ஜெர்மானியர்கள் திரும்பப் பிடித்தார்கள். ஆகஸ்டில் மறுபடியும் கைமாறியது. ஏற்கெனவே புதைத்த இடத்தின் மேல் இரண்டு முறை குண்டுமழை. போர் ஓய்ந்த பிறகு, வயல்களில் சிதறிக் கிடந்த சின்னச் சின்ன அடக்க இடங்களைத் தோண்டி எடுத்துப் பெரிய தோட்டங்களில் சேர்த்தார்கள். சிலுவையோடு கிடைத்தவர் பெயரோடு போனார். சிலுவை உடைந்திருந்தால், சீருடையில் ஆஸ்திரேலியச் சின்னம் இருந்தால், "ஓர் ஆஸ்திரேலியப் படைவீரர், கடவுள் அறிந்தவர்" என்று கல் வைத்தார்கள். அந்த வாசகத்தைத் தேர்ந்தவர் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங். அவருடைய மகனும் அதே போரில் தொலைந்தவன்தான்.

முதல் வழி, எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி: படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போய், அது எடுக்கப்பட்ட அதே இடத்தில் நிற்பது. எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுதான், ஏனென்றால் இது சுத்தமான சர்வே வேலை. பஸ்ஸில் போகும்போது பாருங்கள், பக்கத்து லைட் கம்பம் ஓடும், தூரத்துக் கோபுரம் ஓடாது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கம்பமும் கோபுரமும் ஒரே கோட்டில் வரும். பழைய படத்தில் அப்படி ஒரே கோட்டில் நிற்கும் ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தால் தரையில் ஒரு கோடு கிடைக்கிறது. இரண்டாவது ஜோடி கிடைத்தால் இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில்தான் போட்டோக்காரர் நின்றார். அங்கிருந்து சிலுவை நின்ற இடத்தைப் பிடிப்பது பெரிய காரியமில்லை.

அதே போரில் ஆஸ்திரேலியர்கள் சண்டையிட்ட துருக்கியின் கலிப்போலியில் இதை நானே செய்து பார்த்திருக்கிறேன். மகள்தான் கூட்டிக்கொண்டு போனாள். அரி புர்னு முனையில் 1915இல் எடுத்த ஒரு படத்தின் நகல் என்னிடம் இருந்தது. பின்னணியில் அங்கே சண்டையிட்ட படைவீரர்கள் 'ஸ்பிங்ஸ்' என்று பேர் வைத்த மொட்டை மண்மலை. படத்தை முகத்துக்கு நேரே பிடித்தபடி இரண்டு அடி இடது, அரை அடி பின்னால் என்று நகர்ந்துகொண்டே இருந்தேன். மலை முகட்டின் பல் படத்தில் உள்ள பல்லோடு பொருந்தியபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் ஒரு துருக்கிக் குடும்பம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது, அதை விடுங்கள்.

கலிப்போலியில் இது பலிப்பதற்குக் காரணம், அங்கே மலையும் கடலும் அப்படியே இருக்கின்றன. 1918 கடைசியில் கல்லறைப் பதிவுக் குழு திரும்பி வந்தபோது மரச்சிலுவைகளில் பெரும்பாலானவை இல்லை. ஆனால் நிலத்தின் முகம் மாறவில்லை. பல இடங்களில் கல்லறைகளை நகர்த்தவும் இல்லை. அங்கேயும் கவனம் தேவை: பிற்காலத்தில் நட்ட பைன் மரங்கள் பல முகடுகளை மறைக்கின்றன, 2005இல் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தியபோது சரிவுகளை வெட்டியிருக்கிறார்கள். ஆகவே கிட்டத்துச் சரிவை நம்பாதீர்கள், தூரத்து முகட்டை நம்புங்கள்.

இன்னும் இரண்டு பொறிகள். கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சடித்தால் இடம் வலம் மாறிவிடும். சிலுவை எழுத்து நேராக இருக்கிறதா, சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, சிலுவை நிற்கும் இடமெல்லாம் கல்லறை என்று சொல்ல முடியாது. உடல் கிடைக்காதவர்களுக்கும் சக வீரர்கள் நினைவுச் சிலுவை நட்டதுண்டு.

எங்கள் அட்டைக்கு இந்த வழி உதவுமா? உதவாது. சோம் பகுதியில் 1917இல் மரம் இல்லை, வீடு இல்லை, கோயில் கோபுரம் இல்லை. ஃபிளேர்ஸ் முழுக்க இடிந்து கிடந்தது. படத்தில் இருப்பது பதினைந்து அடிச் சேறும் வானமும். இதை எடுத்துக்கொண்டு இன்றைய கோதுமை வயலில் இரண்டு நாள் நடந்தால் கால்தான் வலிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், இடத்தைச் சரியாகவே பிடித்துவிட்டாலும் அவர் அங்கே இருக்கமாட்டார் என்பது.

கல்லறை இடம் மாறியதா இல்லையா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் நிறையப் பேர் என்பதால் அங்கிருந்தே ஓர் உதாரணம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் இறந்த போர்க் கைதிகளுக்கு அந்த ஊரைச் சுற்றி இரண்டு கல்லறைத் தோட்டங்கள் உண்டு. ரயில் நிலையத்துக்கு எதிரே, ஊருக்குள் இருக்கும் பெரிய தோட்டம் போருக்குப் பின்பு உருவாக்கியது. ரயில் பாதை நெடுக முகாம்களில் புதைத்தவர்களை எடுத்து வந்து அங்கே சேர்த்தார்கள். ஆகவே 1943இல் ஏதோ ஒரு முகாமில் எடுத்த சிலுவைப் படத்தோடு அங்கே போய்ப் பின்னணி மலையைத் தேடுவது வீண். ஆற்றோரம் இருக்கும் சுங்காய் தோட்டம் அப்படியல்ல. அது கைதிகளே தொடங்கிய அடக்க இடம், அங்கே இருந்த மருத்துவமனை முகாமில் இறந்தவர்கள்தான் பெரும்பாலும் அங்கே கிடக்கிறார்கள். அந்தக் காலத்துப் படம் இருந்தால் அங்கே நின்று பொருத்திப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. சில கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு தோட்டங்கள், ஒரே கேள்விக்கு நேர் எதிர்ப் பதில்கள்.

அதே பாதையில் மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்களுக்குச் சிலுவையும் இல்லை, படமும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. இந்தக் கட்டுரையில் உள்ள ஒரு வழிகூட அவர்களுக்குப் பயன்படாது.

நம் சென்னையிலும் இதே நிலைதான். நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டம் 1952இல் அமைந்தது. தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்க் கல்லறைகளிலும் கன்டோன்மென்ட் கல்லறைகளிலும் இருந்த இரண்டாம் உலகப் போர்க்காரர்களை எடுத்து வந்து அங்கே வைத்தார்கள். மொத்தம் 856 பேர். இங்கிலாந்திலிருந்து யாராவது 1944ஆம் வருடத்துப் படத்தோடு வந்து, "இந்தப் படத்தில் தெரியும் மதில் எங்கே?" என்று நந்தம்பாக்கத்தில் கேட்டால் வாட்ச்மேன் என்ன சொல்வார், பாவம்.

இரண்டாவது வழி வானத்திலிருந்து எடுத்த படங்கள். இதற்கு ஃப்ரோமெல் கதையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1916 ஜூலை 19 இரவு, வட பிரான்சில் ஃப்ரோமெல் என்ற ஊரில், ஒரே இரவுக்குள் ஆஸ்திரேலியர்கள் 5,533 பேர் செத்தோ, காயம்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். ஜெர்மன் கோட்டுக்குள் போய் விழுந்தவர்கள் பல பேரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மெல்போர்னில் லாம்பிஸ் எங்லெசோஸ் என்ற ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். காணாமல் போனவர்கள் இத்தனை, அந்த வட்டாரத்தில் பெயர் தெரியாமல் அடக்கமானவர்கள் இத்தனை. கழித்துப் பார்த்தால் மீதி உதைத்தது. மீதிப் பேர் எங்கே?

பதில் வான்படங்களில் இருந்தது. சண்டைக்கு முன் எடுத்த படத்தில் ஃபெசண்ட் காடு என்ற தோப்போரம் வெறும் தரை. சண்டைக்குப் பின் எடுத்ததில் வரிசையாக எட்டுக் குழிகள். கூடவே ஒரு ஜெர்மன் உத்தரவும் கிடைத்தது: 1916 ஜூலை 21 தேதியிட்டது, பவேரியப் படைப்பிரிவு ஒன்றின் தளபதி சுமார் 400 பிணங்களுக்குக் குழி வெட்டச் சொன்னது. படமும் காகிதமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன. அதன் பிறகும் அதிகாரிகள் உடனே நம்பிவிடவில்லை. 2007இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத் தொல்லியல் குழு தோண்டாமல் மேலாக ஆய்வு செய்தபோது, மெட்டல் டிடெக்டரில் ஒரு பதக்கம் சிக்கியது. விக்டோரியா மாநிலத்தின் ஆல்பர்ட்டன் என்ற சிறு வட்டாரம், போருக்குப் போகும் தன் பையன்களுக்குக் கொடுத்தனுப்பிய பதக்கம் அது. அப்புறம் யார் மறுப்பது? 2008இல் சோதனைக் குழி போட்டார்கள், 2009இல் முழுவதும் தோண்டினார்கள். 250 உடல்கள். அவர்களுக்காகவே புதிய கல்லறைத் தோட்டம் கட்டி 2010 ஜூலை 19இல் திறந்தார்கள். அன்றைய நிலவரப்படி டிஎன்ஏ வழியாக 96 பேருக்குப் பெயர் கிடைத்திருந்தது. இப்போது அது 170ஐத் தாண்டிவிட்டது.

கேட்கக் கேட்கப் புல்லரிக்கும் கதைதான். ஆனால் இதைப் படித்துவிட்டு ஒரு தனி மனிதரின் கல்லறையை வான்படத்தில் தேடக் கிளம்பாதீர்கள். ஃப்ரோமெலில் தெரிந்தது பத்து மீட்டர் நீளக் குழிகள், அதுவும் வரிசையாக. ஆறடிக் குழி ஒன்று பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு புள்ளிகூட ஆகாது. வான்படம் சொல்லக்கூடியது அடக்க இடத்தின் எல்லை, அதன் வடிவம், பக்கத்தில் ஓடிய பாதை, எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் நடுவில் அது உருவானது, எப்போது குண்டுகள் அதைச் சல்லடையாக்கின என்பவை. எங்களுக்கு அந்தக் கடைசி விஷயம் மட்டும் பயன்பட்டது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கியூஜிஸ் என்ற இலவச மென்பொருளில் பழைய படத்தை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தலாம். சோம் பகுதியில் கிராமங்களைப் புதிதாகக் கட்டினாலும் சாலைகள் பெரும்பாலும் பழைய தடத்திலேயே ஓடுகின்றன, ஆகவே சாலைச் சந்திப்புகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து பத்து மீட்டர் பிசகு சாதாரணமாக வரும். எல்லைத் தகராறு என்றால் வெட்டு குத்து நடக்கும் பிசகு அது. ஓர் அடக்க இடத்தைத் தேட அது போதும், ஒரு கல்லறையைத் தேடப் போதாது.

மூன்றாவது வழி, நிலத்துக்குள் பார்க்கும் ராடார். இதற்கு அதிக இடம் ஒதுக்க மனமில்லை. அது எலும்பைக் காட்டாது, மண் கலைந்த இடத்தைக் காட்டும். குண்டு விழாத அடி இல்லாத சோம் பகுதியில் கலையாத மண்ணைத் தேடுவதுதான் கஷ்டம். நில உரிமையாளர் அனுமதி வேண்டும், வாடகை ஆயிரக்கணக்கில் போகும். ஆணையத்தின் தோட்டங்களுக்குள் தனியார் யாரும் கருவியைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. அடையாளம் காண்பதற்காகக் கல்லறையைத் திறப்பதற்கும் ஆணையம் சம்மதிப்பதில்லை. ஃப்ரோமெல் மாதிரி அரசாங்கமே பின்னால் நிற்கும் வேலைகளுக்கு அது சரி.

மிச்சமிருப்பது காகிதம். அழகில்லாத வழி, சிலிர்ப்பு இல்லாத வழி, செலவும் இல்லாத வழி. நான் முதலில் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஆணையத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே அந்தக் காலத்துப் படிவங்களின் நகல்கள் இருக்கின்றன. கல்லறைப் பதிவுப் பட்டியல், கல்லில் என்ன வெட்டுவது என்ற பட்டியல், எல்லாவற்றையும்விட முக்கியமாக இடம் மாற்றிப் புதைத்ததற்கான படிவம். தட்டச்சில் அடித்த, கட்டம் போட்ட தாள். புதிய பிளாட், வரிசை, எண். உடல் கிடைத்த இடத்தின் வரைபடக் குறிப்பு. சிலுவை இருந்ததா? எதை வைத்து அடையாளம் கண்டார்கள்? கடைசிக் கட்டத்தில் 'சிலுவை', 'வட்டு' (வீரர்கள் அணியும் அடையாளத் தகடு), 'கரண்டி', 'பூட்ஸ்' என்று ஒற்றை வார்த்தைகள். கரண்டியில் படைவீரர்கள் தங்கள் எண்ணைக் கீறி வைத்திருப்பார்கள். ஒரு மனிதன் பெயரோடு அடங்குவதா பெயரில்லாமல் அடங்குவதா என்பது சில சமயம் ஒரு கரண்டியில் தொங்கியிருக்கிறது.

அந்த வரைபடக் குறிப்பைப் படிப்பது எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் (நம் ஊர்ப் புல அளவை வரைபடம்) படித்தவர்களுக்குச் சுலபம். ஃபிளேர்ஸ் வட்டாரம் 57சி என்ற தாளில் வரும். தாளை ஆயிரம் கஜச் சதுரங்களாகப் பிரித்து எண் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஏ, பி, சி, டி என்று நான்கு கால். காலுக்குள் கிழக்கே பத்தில் எத்தனை, வடக்கே பத்தில் எத்தனை. ஆக, ஒரு குறிப்பு ஐம்பது கஜத்துக்குள் கொண்டுபோய் விடும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இந்தத் தாள்களை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தி இலவசமாகவே வைத்திருக்கிறது.

ஆஸ்திரேலியர்களுக்குக் கூடுதல் வசதி உண்டு. வீரர்களின் பணிக் கோப்புகள் முழுவதையும் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்தில் வேரா டீக்கின் நடத்திய விசாரணைப் பிரிவின் கோப்புகள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. கூட இருந்தவர்களைத் தேடிப் பிடித்து, "அவரை எங்கே புதைத்தீர்கள், நீங்கள் பார்த்தீர்களா, யாரோ சொன்னார்களா" என்று கேட்டு வாங்கிய வாக்குமூலங்கள். ஒருவர் சாலையோரம் என்பார், இன்னொருவர் பதுங்குகுழிக்குப் பின்னால் என்பார். நிலத் தகராறில் சாட்சி சொல்ல வரும் பெரியவர்கள் ஞாபகம் வந்தது எனக்கு.

காகிதத்தின் குறை என்ன? பெயர் இல்லாதவருக்குப் படிவம் இருக்காது. பெரியப்பாவின் பெயருக்குக் கீழே நினைவுச் சுவர் குறிப்பைத் தவிர எதுவும் இல்லை. இங்கேதான் அட்டையை மறுபடி கையில் எடுத்தேன்.

எல்லைக் கல் காணாமல் போனால் காணாமல் போன கல்லைத் தேடக் கூடாது என்பது என் முதல் மேலதிகாரி சொல்லிக்கொடுத்த பாடம். பக்கத்துப் புலத்தின் கல் எங்கே இருக்கிறது என்று பார், அங்கிருந்து அளந்து வா என்பார். படத்தின் இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு சிலுவை நின்றதே, அது யாருடையது?

மகளின் ஸ்கேனரில் 2400 டிபிஐ வைத்து அந்த மூலையை மட்டும் எடுத்தோம். சாதாரணமாகப் பார்த்தால் சாம்பல் கோடுகள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, திரையை விட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது தகரப் பட்டையின் கடைசி மூன்று எழுத்துகள் கண்ணுக்கு வந்தன. அதன் கீழே எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். பெரியப்பாவின் பட்டாலியன் எண்ணே அங்கேயும். மகள் படித்ததும் நான் படித்ததும் ஒத்துப்போகிறதா என்று தனித்தனியாக எழுதிப் பார்த்தோம். இதைச் செய்யாமல் விடாதீர்கள். பார்க்க ஆசைப்படுவதைக் கண் பார்த்துவிடும்.

போர் நினைவகத்தின் இறந்தோர் பட்டியலை அந்தப் பட்டாலியன், அந்த மாதம் என்று வடிகட்டினால் அந்த மூன்று எழுத்தில் முடியும் பெயர் ஒன்றே ஒன்று. எண்ணும் பொருந்தியது. அவருக்குக் கல்லறை இருக்கிறது, போருக்குப் பின் அதே வட்டாரத்தில் விரிவாக்கிய ஒரு தோட்டத்தில். அவருடைய இடமாற்றப் படிவத்தைத் திறந்தோம். அடையாளம்: சிலுவை. அதே தாளில், அவருக்கு அடுத்தடுத்த வரிகளில், அதே வரைபடக் குறிப்பிலிருந்து எடுத்து வந்த மூன்று பேர். மூவருக்கும் ஒரே மாதிரிக் குறிப்பு: பெயர் தெரியாத ஆஸ்திரேலியர், சீருடை.

இப்படிப்பட்ட தோட்டங்களின் அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. ஃபிளேர்ஸுக்குப் பக்கத்திலேயே ஏ.ஐ.எஃப். (ஆஸ்திரேலியப் படையின் சுருக்கப் பெயர்) அடக்க இடம் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவப் பிரிவுகள் 1916 நவம்பரில் தொடங்கியது. அவர்கள் காலத்து வரிசைகள் இரண்டே இரண்டு. மீதியெல்லாம் போருக்குப் பின் கொண்டுவந்து சேர்த்தவை. காமன்வெல்த் கல்லறைகள் 3,475, அதில் 2,263 பேருக்குப் பெயர் இல்லை. இத்தனை பெயரில்லாக் கற்களுக்கு நடுவில் மூன்று என்ற எண்ணிக்கைக்கு வந்து நிற்பது என்னைக் கேட்டால் பெரிய விஷயம்.

ஆணையத்துக்கு எழுதலாமா என்று பேரன் கேட்டான். பொதுமக்கள் ஆதாரங்களோடு அனுப்பும் மனுக்களை அவர்கள் பரிசீலிக்கிறார்கள், கல் மாறியும் இருக்கிறது. ஆனால் இன்ன கல்லறையில் இருப்பவர் இவர் ஒருவராக மட்டுமே இருக்க முடியும் என்று காட்ட வேண்டும். அதே பட்டாலியனில் அதே வாரத்தில் கல்லறை தெரியாமல் போனவர்கள் இன்னும் இருவர் உண்டு. மூன்று கல், மூன்று பேர், யார் எது என்று பிரிக்க வழியில்லை. இப்போதைக்கு எழுத வேண்டாம் என்றேன். அந்த இருவரின் வீட்டிலும் இதே மாதிரி அட்டை வந்திருக்கலாம், அதன் ஓரத்தில் வேறொரு பாதிச் சிலுவை இருக்கலாம். அது கிடைக்கும் வரை பொறுக்க வேண்டியதுதான்.

ஆக, இரண்டு நாள் கணக்கு இப்படி ஆனது. வயலில் நடப்பதற்கு நேரம் ஒதுக்கவில்லை. முதல் நாள் காலை வில்லர்ஸ் பிரெட்டனோ சுவரில் பெயரைப் பார்ப்பது, மத்தியானம் ஆல்பர்ட் ரயில் நிலையம், அட்டையில் போட்டிருப்பதால். இரண்டாம் நாள் முழுவதும் அந்தத் தோட்டம். வரிசையையும் எண்ணையும் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். போய் நின்றதும் பேரன் ஒரு படம் அனுப்பினான். வெள்ளைக் கற்கள் நான்கு, ஒவ்வொன்றும் இரண்டே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவான உயரம், ஒன்றில் மட்டும் பெயர், நடுவில் ரோஜாச் செடிகள்.

மகள் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அட்டையையும் அதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாராம். மூன்றில் எது என்று கேட்பார், என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்து வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. பெயர் உள்ள கல்லில் விரலை வைத்து, இந்தப் பையனுக்கு வீட்டார் யாராவது இருக்கிறார்களா, அவர்களிடம் இந்தப் படம் இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறார்.